எரிந்த ஊரும் அடித்த காசும்

ஓர் ஊர் நினைவு நாணயத்தில் ஏறுவதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று, அது எரிந்தோ இடிந்தோ புதைந்தோ போயிருக்க வேண்டும். மற்றது, எரித்தவருக்கோ பின்வந்தவருக்கோ சொந்தமாக நாணயச்சாலை இருக்க வேண்டும். முதல் தகுதி மதுரைக்குத் தாராளமாக உண்டு. இரண்டாவதில்தான் இடறுகிறது.

தலைச்சான்று எருசலேம். கி.பி. 70இல் உரோமானியத் தளபதி டைட்டஸ் நகரைப் பிடித்தார், ஆலயம் எரிந்தது. எரிக்கும் எண்ணம் டைட்டசுக்கு இருந்ததே இல்லை என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். இருக்கலாம். ஆனால் டைட்டசின் தந்தை பேரரசர் வெஸ்பாசியன் அடித்த காசில் வருத்தத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. ஒரு பேரீச்ச மரம், அதனடியில் துயரத்தோடு அமர்ந்த பெண், யூதேயா பிடிபட்டது என்று இலத்தீன் எழுத்து. பொன், வெள்ளி, செம்பு மூன்றிலும் அடித்தார்கள். ஏழைக்கும் சேதி போய்ச் சேரவேண்டுமல்லவா?

மதுரையின் நிலை வேறு. இங்கே எரித்தவர் கண்ணகி. யாரைத் தொடக்கூடாது என்று தீக்கடவுளுக்குப் பட்டியல் கொடுத்து எரித்த ஒழுங்கு டைட்டசின் படையிடம் கிடையாது. ஆனால் அம்மையிடம் நாணயச்சாலை இல்லை. இருந்தது ஒற்றைச் சிலம்பு. அதையும் அரசவையிலேயே உடைத்தாகிவிட்டது. பிறகு சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதுவும் எரித்தவருக்குத்தான். எரிந்த ஊருக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

இடிந்த வகையில் எரிகோவைப் பார்ப்போம். எக்காளம் ஊதி ஆர்ப்பரித்ததும் மதில் விழுந்தது என்கிறது விவிலியம். இஸ்ரேல் 1982இல் கும்ரான் குகைகளில் தொடங்கிப் புனித நாட்டுத் தலங்களுக்கு ஒரு நாணய வரிசையே வெளியிட்டது. ஹெரோதியம், கப்பர்நகூம் என்று போய் 1987இல் எரிகோவும் ஏறியது. மதுரைக் கோட்டை மதிலும் விழுந்ததுதான். 1840களில், எக்காளம் ஏதுமின்றி, கலெக்டர் பிளாக்பர்ன் உத்தரவில். அதன் நினைவாக நாணயம் வரவில்லை. பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் வந்தது. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாரட்டின் பெயரும் வீதிகளுக்குப் போயின. இடித்தவரைப் போற்றுவதில் நம் ஊர் யாருக்கும் சளைத்ததல்ல.

இனி, உரோமிலிருந்து தமிழகம் வந்து சேர்ந்த காசுகளுக்கு இங்கே நேர்ந்த கதி. புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் நம் வெஸ்பாசியன் வரை பேரரசர்கள் வரிசையாக இருந்தார்கள். பெரும்பாலான காசுகளில் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு. ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பேரரசரிடம் கேட்டுக்கொண்டு வெட்டவில்லை என்பது மட்டும் உறுதி.

வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு வெள்ளிக்காசை வாங்கி, இதில் இருக்கும் உருவம் யாருடையது என்று கேட்டார். அது பேரரசர் திபேரியுவின் தெனாரியமாக இருக்கலாம் என்பது நாணயவியலாளர் கருத்து. அதே வகைக் காசுதான் தமிழகத்துப் புதையல்களில் அள்ள அள்ளக் கிடைத்தது. உருவம் யாருடையது என்ற கேள்வி மட்டும் கப்பலில் வரவில்லை. மதுரையின் நகைக்கடைத் தெருவான தெற்காவணி மூல வீதியில் இன்றைக்கும் கேட்பார்கள்: எத்தனை கிராம், என்ன மாற்று? சீசரே நேரில் வந்தாலும் சேதாரம் உண்டு.

வைகை மணலில் கிடைத்த சின்னஞ்சிறு உரோமானியச் செப்புக்காசுகள் தேய்ந்து முகமற்றுப் போனவை. அவற்றை வைத்து, மதுரையில் உரோமானியர் குடியிருந்திருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர் இராபர்ட் சுவெல் எழுதினார். அவர் காலத்திலேயே திருமங்கலத்தில் இருந்த அமெரிக்க மிஷன் பாதிரியார் டிரேசி, பாண்டியர் காசுகளைத் திரட்டி ஆராய்ந்தார். விவிலியம் கொடுக்க வந்தவருக்கு மீன் பொறித்த காசு கிடைத்தது. யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம்.

என் விதிக்கு மாறாக, எரியாமலும் இடியாமலும் நிற்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 2010இல் இந்திய அரசு ஆயிரம் ரூபாய் நாணயம் வெளியிட்டது. ஆயிரம் ஆண்டு பொறுமையாக நின்றால் விதி தளர்த்தப்படும் போலும். அந்த நாணயத்தை நீட்டி டீ குடித்தவரை நான் பார்த்ததில்லை. கூடவே வந்த ஐந்து ரூபாய்க் காசுதான் நாலு கை மாறிப் புழங்கியது.

ஆகவே நிதி அமைச்சகத்துக்கு ஒரு விண்ணப்பம். புதைந்த வகையில் கீழடி முழுத்தகுதி பெற்றிருக்கிறது. நாணயச்சாலையும் உங்களிடமே இருக்கிறது. வெள்ளியில் அடித்துப் பெட்டியில் வைத்து விற்கவேண்டாம். ஐந்து ரூபாயில் அடியுங்கள். மாட்டுத்தாவணி பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறையாகத் தரட்டும்.