யார் பெரிய ஓட்டக்காரர்?

அட்டன் தேத்தண்ணிக் கடையில் இந்த வழக்குக்குத் தீர்ப்பே கிடையாது. 1970 பேங்கொக் ஆசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற லூசியன் ரோசாதான் என்பார் ஒருவர். "டோக்கியோ ஒலிம்பிக்கில், 1964இல், கடைசியாக வந்த கருணாநந்தாவையல்லவா ஜப்பான்காரன் பாடப்புத்தகத்தில் போட்டான்!" என்பார் மற்றவர். எல்லோரும் முடித்த பிறகும் கருணாநந்தா தன்னந்தனியாக மிச்சச் சுற்றுகளை ஓடினார். சிரித்த கூட்டமே கைதட்டியது. நம் நாட்டில் தோற்றுப் புகழ்பெற்ற ஒரே ஆள், தேர்தலில் நிற்காதவர்.

நம் மலைநாட்டைப் போலவே கென்யாவிலும் மலையுண்டு, தேயிலையுண்டு. அங்கே உலகச் சாம்பியன்கள் விளைகிறார்கள். இங்கே 1,868 மீட்டர் உயர நுவரெலியாவுக்குக் கீழ்நாட்டு வீரர்கள் வந்து மூச்சைப் பலப்படுத்திக்கொண்டு போகிறார்கள். தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூட மணிக்கு முந்த அதே ஏற்றத்தில் தினமும் ஓடுகிறார்கள். அவர்களுக்கு நேரம் பார்க்கத்தான் ஆளில்லை. அம்மாவின் கொழுந்தை நிறுக்க மட்டும் தராசு ஒருநாளும் பிந்தியதில்லை.