நிலைமொழி கார், வருமொழி எலி

ஒன்ராறியோவில் பனிக்காலம் வந்து சாலையில் உப்பைக் கொட்டத் தொடங்கியதும், துருவுக்குப் பயந்தவர்கள் தங்கள் கோடை வண்டியைக் கராஜில் நிறுத்திப் போர்வை போர்த்தி ஏப்ரல் வரை மறந்துவிடுகிறார்கள். எலி மறப்பதில்லை. அதன்பின் நிகழ்வதற்கு இலக்கணம் வகுத்தவர் எவரையும் நான் அறியேன். ஆகவே இச்சிறு நூல்.

நிற்கிற வண்டி நிலைமொழி. வருகிற எலி வருமொழி. இரண்டும் சேர்வது புணர்ச்சி. அது இயல்பு, விகாரம் என இருவகைப்படும். எலி வந்து, சுற்றிப் பார்த்து, எதையும் தொடாமல் திரும்பிப் போனால் இயல்புப் புணர்ச்சி. இதற்கு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல்.

தோன்றலாவது, கால்மிதியில் அரிசி அளவுக் கறுப்புப் புழுக்கை தோன்றுவது. விளக்கம் வேண்டாம்.

திரிதலாவது, ஒன்று வேறொன்றாவது. ஒரு வசந்தத்தில் ஹீட்டரைப் போட்டதும் ஊறிய கோணிச்சாக்கு நாற்றம் அடித்தது. குளோவ் பாக்ஸைக் கழற்றிக் கேபின் ஃபில்டரை உருவினேன். பாதிதான் வந்தது. மீதிப் பாதி, பின்சீட்டுப் பஞ்சோடும் கதவுப் பையில் நான் வைத்திருந்த டிஷ்யூவோடும் கலந்து, கைக்கு அடக்கமான கூடாகத் திரிந்திருந்தது. ஓர் ஓரத்தில் சூரியகாந்தி விதைகள். உரித்த தொலி தனியே, உரிக்காதது தனியே. எங்கள் வீட்டில் அந்த விதை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் குருவிக்குத் தொங்கவிட்டது. வேலிக்கு அப்பாலிருந்து ஒவ்வொன்றாகச் சுமந்திருக்கிறது! கோபத்துக்கு நடுவே கொஞ்சம் மரியாதையும் வந்தது.

கெடுதலாவது, இருந்த வயர் இல்லாமற்போவது. எலியின் முன்பல் சாகும்வரை வளரும், கொறித்தால்தான் தேயும். வயர் உறையில் சோயா கலந்ததே காரணம் என்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். சோயா இல்லாவிட்டாலும் கடிக்கும் என்பது அடியேன் துணிபு.

வருமொழி இருவகை: வீட்டுச் சுண்டெலி, டீர் மவுஸ். பின்னதற்கு வயிறு வெள்ளை, கண் பெரிது. அது ஹன்டா வைரஸைச் சுமக்கக்கூடியது. ஆகையால் புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது, வாக்யூமும் போடக் கூடாது. கதவைத் திறந்து காற்றோட விட்டு, கையுறை மாட்டி, ப்ளீச் கலந்த தண்ணீரால் நன்றாக நனைத்துத் துடைக்க வேண்டும். இந்தப் பத்தியில் மட்டும் விளையாட்டில்லை.

இனிக் காப்பு. மணக்காப்பு என்பது புதினா எண்ணெய், பாச்சை உருண்டை, துணி உலர்த்தும் மெஷினில் போடும் வாசனைத் தாள் முதலியன. புதினா சில நாளில் பறந்துவிடும். பாச்சை உருண்டை நாற்றம் எலி போனபிறகும் நம்மோடு பயணிக்கும். வாசனைத் தாளைக் கிழித்துக் கூட்டில் மெத்தையாக்கிய எலியை நானே அறிவேன். ஒலிக்காப்பு, காதுக்குக் கேளாத ஒலி எழுப்பும் கருவி. 2001இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன் அதைச் செய்வோர், விற்போர் அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. காரக்காப்பு, மிளகாய்க் காரம் ஏற்றி ஹோண்டா விற்கும் வயர் டேப். இதன்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. பிறந்த ஊர்ப் பாசம் என்று கொள்க. விஷம் வைத்தால் எலி சாகும், ஆனால் எங்கே சாகும் என்பதை அதுவே தீர்மானிக்கும்.

மிஞ்சுவது இரும்பு. 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும், சுண்டெலி நுழைந்துவிடும். ஆகவே காற்று இழுக்கும் குழாய் வாயிலும் சைலன்சர் வாயிலும் இரும்பு நாரைத் திணியுங்கள். எலி சுவரோரமாகவே ஓடும். பொறியை அங்கே, வாய் சுவரைப் பார்க்க, கடலை வெண்ணெய் தடவி வையுங்கள். 1894இல் ஹுக்கர் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய வில்பொறியைவிட மேலான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

திணித்த நாரை ஏப்ரலில் எடுக்காமல் வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். இப்போதே ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுங்கள்.