தொலைந்து போக ஒரு தீவு

தேக்கா சந்தையை ஒட்டிய நிறுத்துமிடத்தில் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அந்த ஸ்கூட்டர் வந்து நிற்கும். வெளிர்பச்சை நிறம், வட்ட விளக்கு, முன்பக்கக் கொக்கியில் ஒரு துணிப்பை. பைக்குள் தண்ணீர்ப் போத்தல், வெயிலுக்குப் பூசும் கிரீம், இரண்டு மழைக்கோட்டு, ஒரு டப்பாவில் தயிர்சாதம். இறங்குகிற இருவருக்கும் ஒரே நிறத் தலைக்கவசம். கணவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கொலம்பஸ் கரையைப் பார்ப்பதுபோல் சிராங்கூன் ரோட்டைப் பார்ப்பார். மனைவி சந்தைக்குள் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து, அதைத் தலைக்கவசத்துக்குள் எப்படி வைப்பது என்று யோசிப்பார். கடற்கரை உலா தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த வகைத் தம்பதியைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒருமுறை பாலிக்குப் போய் வந்திருப்பார்கள்.

சிங்கப்பூரிலிருந்து பாலிக்கு விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். கூத்தாவில் ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து, செமின்யாக், சாங்கு என்று கடலோர ஊர்களை ஒவ்வொன்றாகச் சுற்றியிருப்பார்கள். சாலையோரப் பெட்டிக்கடையில் வோட்கா போத்தலில் நிரப்பி வைத்த பெட்ரோலை வாங்கி ஊற்றியிருப்பார்கள். மூன்று முறை வழி தவறி, வயல் வரப்பில் போய் நின்று, அங்கே ஒரு பாட்டி கை காட்டிய திசையில் திரும்பி வந்திருப்பார்கள். அந்த மூன்று முறைதான் பயணத்தின் உச்சம். ஊருக்குத் திரும்பி ஆறு மாதமானாலும் விருந்தினரிடம் கோயிலைப் பற்றிப் பேசமாட்டார்கள். ‘நாங்க தொலைஞ்சு போனோம்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். 2023 மார்ச்சில் பாலி ஆளுநர் வாயான் கோஸ்தர், சுற்றுப்பயணிகள் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்கப்போவதாக அறிவித்தபோது, ஏதோ தங்கள் சொந்த ஊரில் 144 போட்டதுபோல் இருவரும் வருந்தினார்கள்.

சிக்கல் என்னவென்றால், சாங்குவில் கண்ட சுகத்தை இவர்கள் சாங்கியில் தேடுகிறார்கள். சிங்கப்பூரில் தொலைந்து போவது லேசான காரியமில்லை. தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27. 1995 முதல் கட்டடத்துக்குக் கட்டடம் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டு. பேருந்து நிறுத்தத்துக்கு ஐந்து இலக்கம். புளோக்குக்கு எண், மாடிக்கு எண், விளக்குக் கம்பத்துக்கும் எண். இப்படிப்பட்ட ஊரில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். கணவருக்கு அது இருக்கிறது.

ஸ்கூட்டர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். 2019ஆம் ஆண்டின் நடுவில் அவர் முதலில் வாங்கியது நின்றுகொண்டு ஓட்டும் மின்ஸ்கூட்டர், ஆளுக்கு ஒன்று. அந்த நவம்பர் 5ஆம் தேதி நடைபாதையில் அதை ஓட்டத் தடை வந்தது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. சைக்கிள் பாதையில் தாராளமாக ஓட்டலாம். ஆனால் வீட்டுக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவில் இருப்பது நடைபாதை. அதில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு ஞாயிறு இருவரும் ஆளுக்கொரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து, பக்கத்து புளோக் மலாய்ப் பெரியவர் ‘பேட்டரி தீர்ந்துவிட்டதா?’ என்று அக்கறையாக விசாரித்தார். அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

அடுத்தது அசல் ஸ்கூட்டர். 200 சிசி வரை ஓட்ட 2பி உரிமம் போதும். அதை அவர் இரண்டாம் முயற்சியில் வாங்கினார். பிறகு சிஓஇ. பத்து ஆண்டுக்கு வண்டி வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்கும் இந்த ஏற்பாடு 1990இல் தொடங்கியது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கான சிஓஇ 10,000 வெள்ளியைத் தாண்டியது. சாதாரண ஸ்கூட்டரின் விலையே அவ்வளவு இல்லை. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று மாமியார் திருவாரூரிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். இந்தப் பணத்துக்குப் பாலியில் எத்தனை வருடம் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும் என்று மனைவி கணக்குப் போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார். தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது.

சங்கப் பாட்டு கொஞ்சம் படித்தவர்களுக்கு இவர்களைக் கண்டால் நெய்தல் திணை நினைவுக்கு வரும். கடலும் கடல் சார்ந்த இடமும், உரிப்பொருள் இரங்கல். தலைவன் தேரேறிக் கானலுக்கு வருவான், தலைவி காத்திருந்து இரங்குவாள், இடையில் நின்று வழி சொல்பவள் தோழி. இங்கே தேரின் பின்னிருக்கையில் தலைவியே உட்கார்ந்திருப்பதால் இரங்க நேரமில்லை. ஆனால் தோழி இருக்கிறாள். கைப்பேசிக்குள் இருந்துகொண்டு, இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பச் சொல்லி ஆங்கிலத்தில் ஓதுகிறாள். தலைவருக்கு அவள்மேல் தீராத பகை.

“என்னங்க, அவ லெஃப்ட்ல போகச் சொல்றா.”

“அவளுக்கு என்னம்மா தெரியும்? இப்படிப் போனா கடல் வரும்.”

“வர்றது கார்ப்பார்க்குங்க.”

முதல் உலாவில் தலைவர் பெயரை நம்பிப் பீச் ரோட்டுக்குப் போனார். தலைப்பிலேயே கடற்கரை இருக்கிறதே! கடல் ஒரு காலத்தில் அங்கே இருந்தது உண்மைதான். 1887இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் அந்தச் சாலையில்தான் கடலைப் பார்த்துத் திறந்தது. பிறகு கரையைத் தூர்த்துத் தூர்த்துக் கடலை அப்பால் தள்ளிவிட்டார்கள். சாலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலைவர் சொன்னது: “நேத்து வரைக்கும் இருந்திருக்கும்.”

பின்னிருக்கை சிரித்தாலும் அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. சுதந்திரம் பெற்ற காலத்தில் சிங்கப்பூரின் பரப்பு 580 சதுர கிலோமீட்டர் சொச்சம். இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. கரை நகர்ந்துகொண்டே இருக்கும் ஊரில் கடற்கரையைத் தேடி ஸ்கூட்டரில் போவது ஓடுகிற பேருந்தில் இடம் பிடிக்கிற மாதிரி. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. 1828க்கும் 1830க்கும் இடையில், கடல் தாண்டி வந்த தமிழ் முஸ்லிம்கள் நாகூரை நினைத்துக் கட்டியது. அன்று அந்தத் தெருதான் கரை. இன்று அதைச் சுற்றி நிற்பவை அலுவலகக் கோபுரங்கள். அங்கே போய் இறங்கியபோது தலைவி மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நாகப்பட்டினத்துப் பெண். ஊரில் தர்காவிலிருந்து நடந்தால் கடல். இங்கே நடந்தால் வங்கி.

கத்தோங்கிலும் இதே கதை. பணக்காரர் பங்களாக்களின் படிக்கட்டு கடலில் இறங்கிய இடம் அது. 1966இல் கிழக்குக் கரையைத் தூர்க்கத் தொடங்கினார்கள். மரீன் பரேட் அடுக்குமாடிகள் முழுக்க முழுக்க அந்தப் புது மண்ணில் எழுந்தன. கத்தோங்கில் தம்பதி கண்டுபிடித்தது லக்சா. கடலை மறந்துவிட்டு ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிட்டார்கள். தயிர்சாதம் பையிலேயே இருந்தது.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில்தான் ஒருவழியாகக் கடல் அகப்பட்டது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளக் கரை. ஆனால் மெரினாவில் வளர்ந்தவருக்கு அந்தக் கடலைப் பார்த்தால் மனம் ஒப்பாது. ஜலசந்தி நீர், அலை என்று எழுவது சேமிப்புக் கணக்கு வட்டி மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நங்கூரமிட்ட கப்பல்கள், ஞாயிற்றுக்கிழமை முஸ்தபாவில் பணம் கட்ட நிற்பவர்கள்போல் பொறுமையாக நிற்கும். தலைவர் கப்பல்களை எண்ணத் தொடங்குவார். தலைவி லகூன் உணவங்காடியில் திருக்கை மீனைச் சம்பல் தடவி வாழையிலையில் சுடுகிற வாசனையைப் பின்பற்றிப் போய்விடுவார். எண்ணி முடித்துத் திரும்பும்போது மீனில் முள்தான் மிச்சம். இந்த இடத்தில் தலைவருக்கு நெய்தலின் உரிப்பொருள் தானாகவே சித்திக்கும்.

செந்தோசாவை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அவர்களும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பழைய பெயர் புலாவ் பிளாக்கங் மாத்தி, கேட்கவே ஆகாத பெயர், ‘மாத்தி’ என்றால் மலாயில் சாவு. 1972இல் பெயரை மாற்றினார்கள். செந்தோசா என்றால் மலாயில் அமைதி; வேர் நம்முடைய ‘சந்தோஷம்’தான் என்று தலைவர் காவலாளிக்கு விளக்கினார். காவலாளி சந்தோஷமாக ஸ்கூட்டரை வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னார். சிலோசோ, பலாவான், தஞ்சோங் மூன்று கடற்கரைக்கும் மணல் வெளியிலிருந்து வந்தது. பலாவானில் ஒரு தொங்குபாலம் தாண்டினால், ஆசியக் கண்டத்தின் தென்கோடி என்று பலகை. தீவை ஒட்டிய குட்டித் தீவில் நின்றுகொண்டு கண்டத்தின் கோடி என்பது எப்படி என்று தலைவி கேட்டார். படம் எடுத்துக்கொண்டிருந்த தலைவர், ‘சிரிம்மா’ என்றார்.

கடைசியில் இவர்களுக்கு விமோசனம் கிடைத்தது ஸ்கூட்டரை விட்டு இறங்கிய பிறகுதான். சாங்கி கிராமத்தில் வண்டியைப் பூட்டிவிட்டு, நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டு, புலாவ் உபினுக்குப் படகு ஏறினார்கள். சுமார் பத்து நிமிடப் பயணம். பத்து சதுர கிலோமீட்டர் சொச்சமுள்ள தீவு. பழைய கருங்கல் சுரங்கங்களில் நீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. படகுத்துறையிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். செக் ஜாவா சதுப்புக் கரையைத் தூர்க்கும் திட்டத்தை 2002 தொடக்கத்தில் அரசாங்கம் ஒத்திப்போட்டதால், அங்கே கரை இன்னும் கரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. தலைவர் கண்ணில் நீர் தளும்பியது. காட்டுப்பன்றி ஒன்று தன் குட்டிகளோடு பாதையைக் கடந்து, நேராகத் தலைவியின் பையிடம் வந்து முகர்ந்தது. தயிர்சாதத்துக்கு ஆள் கிடைத்தது என்று தலைவி முதலில் நினைத்தார்; விலங்குக்கு உணவு கொடுத்தால் அபராதம் என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது.

அப்புறம் அது நடந்தது. ஒரு பிரிவில் தோழி சிக்னல் இல்லாமல் வாயடைத்துப் போனாள். தலைவர் இடப்பக்கம் திரும்பினார். ரப்பர் மரங்கள், செம்மண், ஒரு சேவல், வேறொன்றுமில்லை.

“என்னங்க, எங்கே இருக்கோம்?”

“தெரியலம்மா,” என்றார் தலைவர். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவர் அவ்வளவு பெருமிதத்தோடு சொன்னதில்லை.

பதினைந்து நிமிடம் நீடித்தது அந்தப் பேரின்பம். பிறகு ஒரு வழிகாட்டிப் பலகை வந்து தொலைத்தது.

மாலை ஐந்தரைக்குப் படகுத்துறைக்கு வந்தார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், அதற்கு மேல் ஒருவரையும் ஏற்றவும் மாட்டார்கள். இவர்களோடு சேர்த்துப் பதினோரு பேர். படகுக்காரர் சாவகாசமாகப் பேப்பரைப் பிரித்தார். அரைமணி கழித்துத் தூரத்தில் இரண்டு சைக்கிள்கள் தெரிந்தன. ஒரு தம்பதி, முதுகுப்பையில் ஒரே நிறத் தலைக்கவசம் இரண்டு தொங்கின, கணவரின் பனியனில் பாலி என்று எழுதியிருந்தது. அவர் மூச்சிரைக்க வந்து, தமிழ் முகத்தைப் பார்த்ததும் மலர்ந்து, “சார், நாங்க தொலைஞ்சு போயிட்டோம்!” என்றார்.

படகுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு ஒற்றை விரலைக் காட்டினார். ஓர் இடம்தான்.

வந்த பெண்மணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு தலைக்கவசத்தையும் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, நம் தலைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அக்கா, அந்த டப்பாவில என்ன, தயிர்சாதமா?” என்றார்.