கிராம் கணக்கர்

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போய் நின்றால் கிராம் கணக்கரைப் பார்க்கலாம். வயது நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள். ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய ஜெர்சி, முன்விளக்கு, பின்விளக்கு, ஹேண்டில்பாரில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். திங்கள் முதல் வெள்ளி வரை ஏதோ ஓர் அலுவலகத்தில் பிறத்தியாரின் செலவுக் கணக்கைக் கேள்வி கேட்கிறவர். சனி, ஞாயிறில் தன் செலவுக்கு நியாயம் தேடுகிறவர். ரோடு பைக் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஐந்தாறு வருஷத்துக்கு முன் வாங்கியது, இன்னும் நன்றாகவே ஓடுகிறது. சிக்கலே அதுதான். உடைந்த சைக்கிளை மாற்ற யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஓடுகிற சைக்கிளை மாற்ற வேண்டுமென்றால் வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும், மனசாட்சிக்குச் சொல்ல இன்னொன்று வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அவர் கண்டுபிடித்திருக்கும் காரணம் எடை.

எடை பார்க்கும் இடம் சமையலறை. முறுக்கு மாவு நிறுக்க வாங்கிய டிஜிட்டல் தராசில் தண்ணீர் பாட்டில் மாட்டும் கூண்டு உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்தில் 48 கிராம். கார்பனில் வாங்கினால் 25க்குள் முடியும். “தராச எப்பங்க தருவீங்க?” என்று வீட்டம்மா கேட்டால் “சீட்டு மட்டும்தாம்மா பாக்கி” என்று பதில் வருகிறது. “இருக்கிற சைக்கிளுக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே ஓடுது?” “ஓடுது. ஆனா வெயிட்டு.” அம்மையார் அவருடைய வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுகிறார். இவ்வளவு பாடுபட்டு 23 கிராம் மிச்சம் பிடித்த கூண்டில் ஏறப்போவது 750 மில்லி பாட்டில். தண்ணீர் மட்டுமே முக்கால் கிலோ. மாமல்லபுரத்தில் திரும்புமுன் ஒரு பொங்கல், இரண்டு வடை, காபி. அந்தத் தட்டை எந்தத் தராசிலும் அவர் வைத்ததில்லை.

கணக்கு என்று வந்தபின் கணக்காகவே பார்த்துவிடுவோம். ஆள் 75 கிலோ, சைக்கிள், தண்ணீர், ஷூ எல்லாம் சேர்த்து 11 கிலோ, மொத்தம் 86. ஒன்பதரைக் கிலோ சைக்கிளை விட்டு எட்டரைக் கிலோ சைக்கிளுக்கு மாறினால் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தில் குறைவது நூற்றுக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் கூட. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒன்றரை மணி நேரத்தில் ஏறுகிறவருக்கு இதனால் மிச்சமாவது ஏறக்குறைய ஒரு நிமிடம். ஏதாவது ஒரு வளைவில் நின்று படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினால் அந்த நிமிடமும் போச்சு. சமதரையில் இந்த லாபமும் கிடையாது. மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த ஒரு கிலோவுக்காகக் கால் தர வேண்டிய கூடுதல் சக்தி அரை வாட்டைத் தொடாது. கணக்கர் வாராவாரம் ஏறும் மலையோ முட்டுக்காடு பாலம். பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டில் விதி வைத்தது. டூர் டி பிரான்ஸ் ஓட்டுகிறவர்களுக்கான இந்த விதி கணக்கருக்கு மனப்பாடம். அக்கரை சோதனைச் சாவடியில் நடுவர் யாரும் தராசோடு காத்திருக்கப் போவதில்லை என்று அவருக்கு யாராவது சொன்னால் தேவலை.

என் கட்சி இதுதான்: எந்தப் புது சைக்கிள் வேண்டும் என்பதைப் பழைய சைக்கிள் தன் தேய்மானத்தில் எழுதியே வைத்திருக்கிறது. கணக்கர் விமர்சனம் படிக்கிறார், வீடியோ பார்க்கிறார், மூன்று மாடல்களை எக்செல்லில் வரிசைப்படுத்தி நிறம் கொடுக்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார். பழசைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஹேண்டில்பார் டேப்பின் மேல்பகுதி, பிரேக் லீவரைச் சுற்றி, வியர்வையில் கறுத்துப் பிசுபிசுத்து ஓரம் பிரிந்து கிடக்கிறது. கீழே வளைந்து இறங்கும் பகுதி, கடையில் சுற்றித் தந்த அன்றைய வெள்ளையிலேயே இருக்கிறது. இத்தனை வருஷத்தில் கை அங்கே இறங்கவே இல்லை. இறங்கினால் வயிறு தொடையில் முட்டுகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. பின்சக்கரத்தின் கேசட்டில் மிகச் சிறிய பல்சக்கரம், 11 பல் உள்ளது, புதுக்கருக்கு மாறாமல் மின்னுகிறது. முன்னால் 50 பல், பின்னால் 11 பல் போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டும்; நம்மவர் பாலத்து இறக்கத்தில்கூட அதைக் கண்டதில்லை. மறுபக்கம், மலைக்குப் போன நாட்களில் 28 பல் சக்கரத்துக்கு அப்பால் இன்னொன்று இருக்காதா என்று அழுத்தி அழுத்தி லீவரே தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரின் கழுத்துக்கடியில் ஸ்பேசர் வளையங்கள் அடுக்கடுக்காக ஏறியிருக்கின்றன, ஸ்டெம்மை மேல்நோக்கித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பின்சக்கர விளிம்பில் வேகத்தடை கொடுத்த நெளிவு. ஆக, இவருக்கு உயரமான ஹேண்டில்பார் வேண்டும், இன்னும் இலகுவான கியர் வேண்டும், பட்டையான டயர் வேண்டும். எடையைப் பற்றி இந்தச் சாட்சிகளில் ஒன்றும் வாய் திறக்கவில்லை.

எண்டூரன்ஸ் ரோடு பைக் என்று கடைகளில் விற்பது இந்தச் சாட்சியத்துக்கான பதில்தான். ஹேண்டில்பார் உயரம் கூட, கை நீட்ட வேண்டிய தூரம் குறைவு, இரு சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம், அகல டயருக்கு இடம், முன்னே 34 பின்னே 34 என்று ஒன்றுக்கு ஒன்று கியர். நாற்பது தாண்டிய முதுகுக்குச் செய்த மரியாதை. மானப் பிரச்சினை முளைப்பதும் இங்கேதான். “சார், இது சௌகரியமா இருக்கும்” என்று கடைப்பையன் சொன்னால் கணக்கரின் முகம் வாடிவிடும். கம்பெனிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முதுகுவலிக்காரர் சைக்கிளுக்குப் பந்தயப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 2004இல் கொண்டுவந்த ரகத்தின் பெயர் ரூபே. வட பிரான்ஸில் 1896 முதல் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயம் ஏறக்குறைய 260 கி.மீ.; அதில் 50 கி.மீ.க்கு மேல் கருங்கல் பாவிய பாதை. டிரெக் நிறுவனம் 2012இல் இறக்கிய டொமானேயில் சீட்டுக் குழாய் அதிர்வுக்கு வளைந்து கொடுக்க ஒரு மூட்டு வைத்தார்கள். மறுவருஷமே ஃபேபியன் கான்செலாரா அதில் பாரிஸ்–ரூபேயை வென்றார். அத்தோடு கணக்கரின் தலை நிமிர்ந்தது. வாங்குவது முதுகுக்காக இல்லையாம், கல் பாதைக்காகவாம். வேளச்சேரியில் ஏது ஐயா கல் பாதை என்று கேட்டுவிடாதீர்கள். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெரு பாரிஸ்–ரூபேக்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை. சாக்காகச் சொன்ன இந்தக் காரணம்தான் அவர் பட்டியலிலேயே உருப்படியானது.

டயர் கதை இன்னும் வேடிக்கை. இருபது வருஷத்துக்கு முன் ரோடு பைக் என்றால் 23 மி.மீ. டயர், அதில் கல்லாக இறுகும் அளவுக்குக் காற்று. ஒல்லி டயர்தான் வேகம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர்தான் லேசாக உருள்கிறது என்று சோதனைச் சாலையில் அளந்து காட்டிய பிறகு 25 ஆயிற்று, 28 ஆயிற்று, 32 ஆயிற்று. இன்றைய எண்டூரன்ஸ் சைக்கிள்கள் சிலவற்றில் 38 வரை நுழைகிறது. அப்பா ஓட்டிய ஹெர்குலிஸின் டயர் 28க்கு ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மி.மீ.! நிமிர்ந்த உட்காருமுறை, நீண்ட சக்கர இடைவெளி, பட்டை டயர் என்று இன்று மூன்று லட்சத்துக்கு விற்கும் குணங்களில் பாதி, அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸிலிருந்து வந்த அந்தக் கறுப்பு வண்டியிலேயே இருந்தது. இதைக் கேட்டதும் ‘அந்தக் காலத்துப் பால்காரர் எத்தனை கேன் சுமந்தார் தெரியுமா’ என்று ஆரம்பிக்கும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருபது கிலோ இரும்பு, ஒரே கியர், மழை வந்தால் பிடிக்காத ராடு பிரேக். பால்காரர் ஆசைப்பட்டு அதை மிதிக்கவில்லை. கையில் நாலு காசு சேர்ந்ததும் டி.வி.எஸ். 50 வாங்கினார்.

நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று தடுக்குமே, வேகம் போய்விடுமே என்பார் கணக்கர். கேட்க வேண்டிய கேள்விதான். மணிக்கு 25 கி.மீ.யிலிருந்து 30க்குப் போனால், காற்றை எதிர்க்கத் தர வேண்டிய சக்தி மட்டும் எழுபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அந்தக் காற்றில் பெரும்பங்கு மோதுவது ஓட்டுகிறவரின் உடம்பில். சைக்கிளின் பங்கு கொஞ்சம். அப்படியானால் குனிய வைக்கும் பந்தய சைக்கிள்தானே நல்லது? பத்து நிமிடம் குனிய முடிந்தவர் மீதி மூன்றரை மணி நேரம் நட்டுவைத்த மாதிரி நிமிர்ந்துதான் போகிறார். கீழ்ப்பகுதியில் வெள்ளை மாறாத டேப்பே அதற்கு அத்தாட்சி. ஹேண்டில்பார் எட்டுகிற உயரத்தில் இருந்தால் முழங்கை தானாக மடங்கும், கையும் கீழ்ப்பிடிக்கு இறங்கும். காகிதத்தில் உள்ள வேகம் ஒன்று, நாலாவது மணி நேரத்தில் மிஞ்சியிருக்கும் வேகம் ஒன்று. நெடுந்தூரக்காரர்களின் ப்ரெவே ஓட்டத்தில் 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள்; நிற்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி 15 கி.மீ.கூட வேண்டாம், முதலிடம் கடைசியிடம் என்ற வரிசையும் இல்லை. அங்கே ஆளைப் பாதியில் இறக்குவது கழுத்து, உள்ளங்கை, வயிறு, உட்காரும் இடம். பாட்டில் கூண்டு கனத்ததால் விட்டேன் என்று ஒருவரும் சொல்லிக் கேள்வியில்லை.

அவர் காசு, அவர் சைக்கிள், உமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம். செலவழிக்க வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. புதுசு வாங்குவதில் நிஜமான லாபம் இருக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்த ரிம்மைக் கவ்வத் திணறும் பழைய பிரேக்கையும் டிஸ்க் பிரேக்கையும் ஒரே வாரத்தில் பிடித்துப் பார்த்தவர் பழசின் பக்கம் திரும்ப மாட்டார். 32 மி.மீ. டயர் பழைய ஃப்ரேமில் நுழையவே நுழையாது. புது சைக்கிள் வந்தால் ஓட்டும் ஆசையும் கூடவே வரும் என்ற வாதத்தைப் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன்: வரும், சில மாதம் இருக்கும், முதுகு ஒத்துழைத்தால் நீடிக்கும். பேட்டரி கியர் மட்டும் சந்தேகக் கேஸ். ஷிமானோ தன் 105 ரகத்துக்கும் 2022இல் அதைக் கொடுத்த நாளிலிருந்து கணக்கருக்குத் தூக்கமில்லை. விரல் பட்டதும் ‘ஜிக்’கென்று மாறுகிறது, தடுமாற்றமே இல்லை, அழகுதான். ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கட்டும். முட்டுக்காடு பாலம் ஏறுவதற்கு என்று மட்டும் வீட்டில் சொல்ல வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய சைக்கிளைத் துடைக்காமல், அழுக்கோடு, கடைக்கு எடுத்துப் போங்கள். டேப்பையும் கேசட்டையும் ஸ்பேசர் அடுக்கையும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தரையிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு உயரம், சீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொல்லி, அதற்கு ஒத்துவரும் ஃப்ரேமைக் கேளுங்கள். கடை வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டக் கேளுங்கள், தராத கடைக்கு வணக்கம் சொல்லிவிடுங்கள். கார்பன் கூண்டுக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல டயரில் போடுங்கள். இன்னொரு விஷயம்: லட்சக்கணக்கில் விற்கும் சைக்கிள்களோடு பெரும்பாலும் பெடல் தர மாட்டார்கள். அதற்குத் தனியாகப் பணம் எடுத்துப் போங்கள்.