இடிக்குப் பிடிக்காத கேபிள்

முன்பக்கம் ஆபீஸ், பின்னால் புதுக் கிடங்கு, நடுவில் 150 மீட்டர். ஒரே லேன் கேபிளாக இழுத்துவிடலாமா?
– பட்டறை முதலாளி, ரவாங்

இழுக்கலாம், விற்பவருக்கு மகிழ்ச்சி. செம்புக் கம்பி லேன் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். தாண்டினால், நீங்கள் சோதிக்கும்போது ஓடும். வாடிக்கையாளர் நிற்கும்போது படுத்துக்கொள்ளும்.

எங்களுக்கு 60 மீட்டர்தான். தப்பித்தோமா?
– மளிகைக் கடைக்காரர், பத்து ஆராங்

அளவுநாடாவிடம் தப்பித்தீர்கள், மேகத்திடம் இல்லை. உலகிலேயே அதிகம் இடி முழங்கும் வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. உங்கள் இரண்டு கட்டடங்களுக்கும் எர்த் தனித்தனி. ஒன்றின் அருகே மின்னல் இறங்கினால் அங்கே மண்ணின் மின்னழுத்தம் எகிறும். அடுத்த கட்டடத்தில் அப்படி இருக்காது. இடையே நீங்கள் புதைத்த செம்புக் கம்பி வழியாகவே அது பாயும். சுவிட்ச், கேமரா ரெக்கார்டர், கல்லாப்பெட்டிக் கணினி எல்லாம் ஒரே மாலையில் போகும்.

ஃபைபர் போடுங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வெளிப்புறத்துக்கான ரகமாக, உள்ளே உலோகமே இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். எலிக்குப் பயந்து இரும்புக் கவசம் போட்டதை வாங்கி, அதற்கு எர்த்தும் கொடுக்காமல் விட்டால், இடியை மறுபடி விருந்துக்கு அழைத்த கதை. சிங்கிள் மோட் ரகத்தில் சாதாரண மாட்யூலே 10 கிலோமீட்டர் போகும். கேபிளைவிடக் குழி வெட்டும் கூலிதான் கடிக்கும். ஆகவே இரண்டு இழை போதும் என்றாலும் நான்காகப் போடுங்கள். குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள், அடுத்த கேபிளை இழுக்க உதவும். கரண்டுக் கம்பி வழியே வரும் இடிக்கு ஃபைபர் பொறுப்பில்லை; அதற்குத் தனியாகத் தடுப்பான் வேண்டும்.

நடுவில் பொதுச் சாலை. இரவோடு இரவாக வெட்டி மூடினால்?
– பெயர் வேண்டாம், குண்டாங்

பெயர் வேண்டாம் என்பது புரிகிறது. உள்ளூர்ச் சாலையென்றால் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லையா? கூரைக்குக் கூரை ஒரு ஜோடி வயர்லெஸ் பிரிட்ஜ் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் நம் மழையைத் தாங்கும். 60 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் தூரம் கூடினால் சாயங்கால மழையில் சுருண்டுவிடும். குறுக்கே எதுவும் மறைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் இன்று குட்டை. அது வளரும்போது உங்களைக் கேட்காது. சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

கோயில் அலுவலகத்துக்கும் மண்டபத்துக்கும் நான்கு கிலோமீட்டர்…
– செயலாளர், செரெண்டா

தோண்ட வேண்டாம், செயலாளரே. இரண்டு இடத்திலும் இன்டர்நெட் இருக்கிறதல்லவா? ரூட்டருக்கு ரூட்டர் விபிஎன் போதும். இரண்டிலும் 192.168.1 என்றே முகவரி ஆரம்பித்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பிரிண்டரைத் தேடியே திருவிழா முடிந்துவிடும்.

ரவாங்குக்கு இதெல்லாம் கொஞ்சம் ஓவர் இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ரவாங்

1894இல் லோக் யூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் வைத்து மின்சாரம் எடுத்தது உங்கள் ஊரில்தான், சார். பத்துமலைக் கோயிலை உருவாக்கிய அதே பிள்ளை. அன்றும் யாராவது ஓவர் என்றிருப்பார்கள்.

மச்சான் இலவசமாகச் செய்து தருகிறேன் என்கிறான். சாப்பாடு மட்டும் போதுமாம்.
– வாசகி, புக்கிட் பெருந்தோங்

குழி வெட்டச் சொல்லுங்கள். ஃபைபர் முனையில் மட்டும் கைவைக்க விடாதீர்கள். விரல் அழுக்கு பட்டாலே வெளிச்சம் மங்கிவிடும். கோழிக் குழம்பு குழிக்கே தகும்.