மூன்றாம் வகுப்புக்கு ‘காவாலா’

கேள்வி: பேத்தி மூன்றாம் வகுப்பு. ஆண்டு விழாவில் ‘காவாலா’ பாட்டுக்கு ஆடப்போகிறாளாம். வீட்டில் இடுப்பை வளைத்து ஒத்திகை வேறு. ‘வேண்டாமே’ என்றால் நான் பழைய பஞ்சாங்கமாம்! நீங்களே சொல்லுங்கள்.
- ஒரு பாட்டி, கே.கே. நகர், சென்னை-78

பதில்: ‘காவாலா’ பாட்டு வரும் ‘ஜெயிலர்’ படத்துக்குத் தணிக்கையில் கிடைத்தது யு/ஏ. அதாவது, சின்னக் குழந்தைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். அந்த விதியைப் பள்ளிகள் மீறவே இல்லை பாட்டி! பெற்றோர்தான் முன்வரிசையில் மொபைலைத் தூக்கிப் பிடித்து ‘இன்னும் நல்லா ஆடு’ என்று வழிகாட்டுகிறார்களே!

டி.வி. நடனப் போட்டிகளில் பெரியவர்களுக்கான அசைவுகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று 2019 ஜூனிலேயே மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. டி.ஆர்.பி.க்காக ஓடும் சேனலுக்கே அப்படியென்றால், பள்ளிக்கூடத்துக்கு?

அதற்காக சினிமாப் பாட்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். சினிமாக்காரர்களின் வடபழனியையும் சாலிகிராமத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கே.கே. நகரில் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? 1990-இல் வந்த ‘அஞ்சலி’ படத்தில் இளையராஜா குழந்தைகளையே பாடவைத்தார், துள்ளலுக்கு அதில் என்ன குறை? குழந்தை ஆடுவதில் தப்பே இல்லை. பாட்டைத் தேர்ந்தெடுத்த டான்ஸ் மாஸ்டரையும், தலையாட்டிய பள்ளியையும்தான் கேட்க வேண்டும். பேத்தியைத் திட்டாதீர்கள். அடுத்த வருஷம் டிரெஸ்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பாட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கும்படி அவள் பெற்றோரிடம் சொல்லுங்கள்.