சிங்கப்பூர்க் கடிதம்: கசகசாவும் முட்டுக்கட்டையும்

கோவையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் கடிதக்காரரின் பெட்டி இரண்டு தடவை கட்டப்படும். முதல் தடவை அவரே கட்டுவார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மா அதைத் திறந்து மறுபடி கட்டுவார். இரண்டாவது கட்டுக்குப் பிறகு எடை 3 கிலோ கூடியிருக்கும். இந்தப் பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, வேட்டிக்குள் சுற்றி வைத்த எவர்சில்வர் டப்பா ஒன்று அகப்பட்டது. உள்ளே அரைக் கிலோ கசகசா.

“அங்க குருமா நம்மூரு மாதிரி வரமாட்டேங்குதுன்னு சொன்னியே சாமி, அதான்” என்றார் அம்மா.

வராததற்குக் காரணமே அந்தக் கசகசா இல்லாததுதான். அபினி எடுக்கும் அதே செடியின் விதை அது. சிங்கப்பூரில் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதைத் தடைப் பொருளாக வைத்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படியே. காந்திபுரத்தில் மளிகைச் சாமானாக ஏறியது, சாங்கி விமான நிலையத்தில் போதைப்பொருளாக இறங்கும். “குருமாவுக்குத்தான் சார்” என்று சுங்க அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. டப்பா கோவையிலேயே தங்கிவிட்டது. அம்மாவின் கோபம் மட்டும் கூடவே வந்தது.

கடிதக்காரர் பம்புக்கான மெக்கானிக்கல் சீல் விற்பவர். பம்பு ஊரில் பிறந்தவருக்கு வேறென்ன பிழைப்பு வரும்? (நான் என்று எழுதினால் தற்பெருமை என்பார் பெரியப்பா, எனவே கடிதக்காரர் என்றே இருக்கட்டும்.) மாதத்தில் 12 நாள் பாங்காக், ஜகார்த்தா, நைரோபி என்று பெட்டியோடு அலைகிறார். ஊருக்கு வந்தால் பெரியப்பா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ஏன் தம்பி, ஏரோப்ளேன்ல போறதுக்குப் பயமா இல்லையா?”

ஏரோப்ளேன் பயமில்லை. ஆனால் சீட் பெல்ட் விளக்கு அணைந்த நொடியே பெல்ட்டைக் கழற்றிவிட்டு வேட்டியை இறுக்குவதுபோல் எழுந்து நிற்கும் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்தால் பயம். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த எஸ்கியூ 321 விமானம் மியான்மார் வானில் குலுங்கியது. சுமார் நாலரை விநாடியில் 54 மீட்டர் கீழே இறங்கியதாக முதற்கட்ட விசாரணை அறிக்கை சொன்னது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதி விழுந்தார்கள். ஒருவர் இறந்தார், பலருக்கு முதுகெலும்பில் அடி. விமானம் பாங்காக்கில் இறங்கியது. அதிலிருந்து கடிதக்காரர் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பெல்ட்டோடுதான். போர்வைக்கு மேலே பெல்ட் தெரியும்படி போட்டுக்கொண்டால் பணிப்பெண் எழுப்ப மாட்டார் என்பது பழகித் தெரிந்துகொண்ட நுணுக்கம்.

பவர் பேங்க் விஷயத்தில் மட்டும் அவர் கொஞ்சம் கணக்கு வாத்தியார். அதைப் பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-அவர் வரை கேள்வியில்லை; அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 74. பிழைத்தீர்கள். 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் புசானில், கிளம்பத் தயாராக நின்ற ஏர் புசான் விமானம் தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அந்த ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தவே கூடாது என்றது. சார்ஜ் இல்லாத போனோடு உட்கார்ந்திருக்கும் கணவர்களை இந்த விதி நிறைய உருவாக்கியிருக்கிறது. மனைவிமார் நம்புவதில்லை.

ஆனால் இத்தனை வருட அலைச்சலில் அவர் கண்ட பெரிய ஆபத்து பேட்டரியில் இல்லை. வாயில் இருக்கிறது.

நம்மவர் ரயிலில் ஏறினால் எப்படி? கோவையில் ஏறி, திருப்பூரில் பெயர் சொல்லி, ஈரோட்டில் சம்பளம் சொல்லி, சேலத்தில் மகள் ஜாதகத்தை எடுத்து நீட்டி, காட்பாடி வருவதற்குள் எதிர் சீட்டுக்காரரிடம் வீட்டுச் சாவி எந்தத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்பது வரை ஒப்பித்திருப்பார். உள்ளூரில் இது பண்பு. வெளியூர் டாக்ஸியில் இதே பண்பு வேறு மாதிரி வேலை செய்யும். “முதல் தடவை வர்றீங்களா?” என்று டிரைவர் கேட்டால், ஆயுளில் முதல் தடவையாக இருந்தாலும், “மாசாமாசம் வர்றேன்” என்பதே கடிதக்காரரின் பதில். விமான நிலையத்தில் பெயர்ப் பலகை பிடித்து நிற்பவரிடம் “எனக்காக வந்தீங்களா?” என்று கேட்பதில்லை. “யாரைக் கூட்டிப்போக வந்தீங்க, எந்த கம்பெனி அனுப்புச்சு?” என்று கேட்பார். பலகையில் இருக்கும் பெயரை எவரும் படிக்கலாம், எவரும் நகலெடுக்கலாம்.

இந்த ஞானம் இலவசமாக வரவில்லை. முதல் பாங்காக் பயணத்தில், கிராண்ட் பேலஸ் வாசலுக்குப் பத்தடி முன்னால், இஸ்திரி போட்ட சட்டைக்காரர் ஒருவர் வணங்கி, “இன்று அரண்மனை மூடல், மதச் சடங்கு” என்றார். கிட்டத்தட்ட ஆண்டு முழுவதும் தினமும் திறந்திருக்கும் இடம் அது. கடிதக்காரருக்கு அப்போது தெரியாது. அவருக்காகவே காத்திருந்ததுபோல் ஒரு டுக்டுக் வந்தது. கூலி வெறும் 20 பாட். இரண்டு கோயில், அப்புறம் ‘அரசு விலை’ ரத்தினக் கடை. நீலக்கல் ஒன்று வாங்கி, மனைவிக்கு மோதிரம் செய்ய ராஜ வீதி ஆசாரியிடம் கொடுத்தார். ஆசாரி லென்ஸைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “நல்ல கண்ணாடிங்க” என்றார். மனைவி அதை இன்றும் பூஜை அறையில் வைத்திருக்கிறார், நினைவூட்டலாக.

அலுவலகத்தில் கொலம்பியாக்காரர் ஒருவர் இருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, தங்கள் ஊரில் இதற்கு ஒரு வசனம் உண்டு என்றார்: ‘பப்பாளி கொடுக்காதே.’ அதாவது, திருடனுக்கு நீயே நறுக்கிக் கொடுத்தாற்போல் நடந்துகொள்ளாதே. காபிக்கடை மேசை மேல் போனை வைப்பது பப்பாளி. வழி தேடிக்கொண்டு தெருவோரத்தில் போனை நீட்டி நிற்பது பப்பாளி. ஏ.டி.எம். வாசலிலேயே நோட்டை எண்ணுவது முழுப் பப்பாளி. நம்மூர் ஆள் கழுத்தில் ஐந்து பவுன் சங்கிலியோடு இறங்குவதைப் பார்த்தால் கொலம்பியாக்காரர் ‘பப்பாளித் தோட்டம்’ என்றுதான் சொல்வார்.

ஹோட்டல் அறைக்கு வருவோம். இங்கேதான் கடிதக்காரர் கொஞ்சம் கிறுக்கு என்று பெயர் வாங்கியவர்.

ரிசப்ஷனில் அறை எண்ணை உரக்கச் சொன்னால் வேறு அறை கேட்பார். தரைத்தளமும் முதல் மாடியும் வேண்டாம், ஜன்னல் வழி ஆள் ஏறலாம். இருபதாவது மாடியும் வேண்டாம், சாதாரணத் தீயணைப்பு ஏணி அந்த உயரத்துக்கு வராது. மூன்றிலிருந்து ஆறுக்குள் என்றால் சம்மதம். அறைக்குள் பெட்டியை வைத்துவிட்டு உடனே வெளியே வந்து, படிக்கட்டு வரைக்கும் எத்தனை கதவு என்று சுவரைத் தொட்டு எண்ணுவார். புகை சூழ்ந்தால் கண் உதவாது, எண்ணிக்கைதான் உதவும். 1980 நவம்பர் 21 காலையில் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீ பிடித்தது கீழ்த்தளத்து உணவகம் ஒன்றில். ஆனால் இறந்த 85 பேரில் பெரும்பாலானோர் பல மாடி மேலே, நெருப்பையே பார்க்காமல், புகையில் மூச்சடைத்துப் போனவர்கள். லிஃப்ட் குழாயும் படிக்கட்டும் புகைபோக்கியாக மாறியிருந்தன.

எண்ணியது ஒருநாள் பயன்பட்டது. ஜகார்த்தாவில் ஒரு ஹோட்டல், விடிகாலை 2.40க்கு அலாரம். அறையில் இருட்டு, நடையில் இருட்டு. இடப்பக்கம் ஐந்து கதவு தொட்டு, ஆறாவதைத் தள்ளினார். படிக்கட்டு. ஐந்து மாடி இறங்கி வாசலுக்கு வந்து நின்றபோதுதான் தன்னைப் பார்த்தார்: லுங்கி, ஒரு கையில் சீல் மாடல் பை, மறு கையில் டிவி ரிமோட். பாஸ்போர்ட் மேலே. பக்கத்தில் ஜப்பானியர் ஒருவர், ஷூ லேஸ் கட்டி, பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்து, கையில் வேறெதுவும் இல்லாமல் நின்றார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் பைகளை விட்டுவிட்டு இறங்கி உயிர் தப்பியது எப்படி என்று கடிதக்காரருக்கு அந்த வாசலில் புரிந்தது. அலாரத்துக்குக் காரணம், எட்டாவது மாடியில் யாரோ திருட்டுத்தனமாகப் பிடித்த சிகரெட். இப்போது அவர் படுக்கும்போது பாஸ்போர்ட், போன், அறை அட்டை மூன்றும் ஷூவுக்குள் இருக்கும்.

அப்புறம் முட்டுக்கட்டை. லாரி டயருக்கு வைக்கிற மாதிரி, ஆனால் உள்ளங்கை அளவில், ரப்பரில். இரவில் கதவுக்கு அடியில் உள்பக்கமாகச் செருகிவிட்டுத் தூங்குவார். மனைவி சிரிப்பார். 2024 மார்ச்சில் ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட செய்திக்குப் பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது: சாஃப்லாக் என்ற வகை மின்னணுப் பூட்டுகளை, அந்த ஹோட்டலின் ஒரு பழைய அட்டை கிடைத்தாலே போதும், இரண்டு போலி அட்டை செய்து திறந்துவிடலாம் என்று காட்டினார்கள். 131 நாடுகளில் 30 லட்சம் கதவுகள். பூட்டு தயாரித்தவர்களே திருத்த வேலையைத் தொடங்கியிருந்தார்கள், ஆனால் அத்தனை கதவையும் தொட்டு முடிக்க நாளாகும். ரப்பர் கட்டைக்கு சாஃப்ட்வேர் அப்டேட் தேவையில்லை. ஒன்றே ஒன்று: நெருப்பு என்றால் ஒரே உதையில் எடுக்கும்படி இருக்க வேண்டும். அதையும் அவர் பழகிப் பார்த்திருக்கிறார், கால் கட்டைவிரல் சாட்சி.

வைஃபை பற்றி ஒரு பத்தி போதும். 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ‘டார்க் ஹோட்டல்’ என்ற ஹேக்கர் கூட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆசிய ஹோட்டல்களில் தங்கும் பெரிய அதிகாரிகளைக் குறிவைத்து, அவர்கள் அறை எண்ணும் பெயரும் கொடுத்து வைஃபையில் நுழைந்ததும் ‘அப்டேட் செய்யவும்’ என்று ஒரு பெட்டியைக் காட்டுவார்கள். அழுத்தினால் கம்ப்யூட்டர் அந்தக் கூட்டத்தினுடையது. மெக்கானிக்கல் சீல் விலைப்பட்டியலுக்கு யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள் என்று கடிதக்காரருக்குத் தெரியும். இருந்தாலும் ஹோட்டலில் எதையும் அப்டேட் செய்வதில்லை, போன் டேட்டாவையே பயன்படுத்துகிறார்.

போர்டிங் பாஸைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடும் மாமாக்களுக்கு ஒரு செய்தி. 2020இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் இன்ஸ்டாகிராமில் போர்டிங் பாஸ் படம் ஒன்றைப் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். நல்லவேளை, கண்டுபிடித்தவர் நல்லவர், தகவல் சொன்னார். முன்னாள் பிரதமருக்கே அந்தக் கதி.

நைரோபி போய்விட்டு நேராக ஊருக்கு வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை மறக்கக் கூடாது. பயணத்துக்கு 10 நாள் முன்பே ஊசி போட வேண்டும். அட்டை இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். சித்தப்பா மகன் கல்யாணத்தைக் கடிதக்காரர் இப்படித்தான் தவறவிட்டார். பந்தியின் படங்களைத் தனிமை வார்டில் இருந்தபடி போனில் பார்த்தார்.

கடைசியாகப் பெரியப்பாவுக்கு. ஏரோப்ளேன் பயம் பற்றிக் கேட்டீர்களே. உலகில் சாலை விபத்தில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே இறந்தது விலை உயர்ந்த காரின் பின்சீட்டில். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ், இருவருமே பிழைக்கவில்லை. முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். கடிதக்காரர் பீளமேடு விமான நிலையத்தில் இறங்கி, உங்கள் காரின் பின்சீட்டில் பெல்ட்டைத் தேடும்போது, “நம்மூர்ல அதெல்லாம் எதுக்குத் தம்பி” என்று அதைச் சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அடுத்த தடவை வருவதற்குள் அதை வெளியே எடுத்து வையுங்கள்.

அம்மாவுக்கு: சித்திரை 10ஆம் தேதி வருகிறார். கசகசாக் குருமாவை வீட்டிலேயே வைத்துவிடவும்.